திறந்த கதவில் நின்ற தண்ணீர்

மோட்டாரின் செம்புக் கம்பிச் சுருளான காயிலுக்குப் பூசிய வார்னிஷ் காயும்போது மூக்கை உறுத்தும் ஒரு நெடி கிளம்பும். அந்த நெடிக்கு நடுவே உட்கார்ந்துதான் நான் ஒரு குளத்தின் அடியில் வீடு கட்டினேன். சிங்காநல்லூரில், குளத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி, முன்பக்கம் அப்பாவின் மோட்டார் காயில் கட்டும் பட்டறையும் பின்பக்கம் சமையலறையும் ஓர் அறையுமாக இருந்த வாடகை வீடு எங்களுடையது. பெரியப்பா வீட்டில் புதியது வாங்கியதும் பழைய கம்ப்யூட்டர் எங்களுக்கு வந்து சேர்ந்தது. அதோடு, தன் கம்ப்யூட்டரைப் பிரிய மனமில்லாதவன் போல, பெரியப்பா மகன் நவீனும் பள்ளி விட்டதும் தினமும் வந்து சேர்ந்தான். அவனுக்கும் என் வயதுதான். இரண்டு பேரும் கட்டில்மேல் சம்மணம் போட்டுக்கொண்டு, எதிரே முக்காலியில் இருந்த திரையைப் பார்த்தபடி, மண்ணும் மரமும் கல்லும் எல்லாமே சதுரக் கட்டிகளாக இருந்த ஓர் உலகத்தில் பிழைத்துக் கிடந்தோம். பொழுது சாய்வதற்குள் மரம் வெட்டிக் கூரை போட்டுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் இருட்டில் பிசாசுகள் வந்து அடிக்கும். ஆட்டம் அவ்வளவுதான்.

பிசாசுகள்கூட எங்களுக்குச் சீக்கிரம் பழகிவிட்டன. கடைசிவரை பழகாதது அந்த ஊர்த் தண்ணீர். ஒருநாள் நவீன் மலையுச்சியில் நின்று ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்தான். அது அருவியாக இறங்கி, சமதரையில் கொஞ்ச தூரம் பரவி, யாரோ கோடு கிழித்து வைத்தது போல அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. மேலே விழுந்துகொண்டே இருக்கிறது, கீழே ஒரு சொட்டு கூடவில்லை. விழுகிற தண்ணீரெல்லாம் எங்கே போகிறது என்று அருவியைச் சுற்றிச் சுற்றித் தேடினோம். சந்தேகம் தீராமல் பின்னால் இருந்த மலையையே உடைத்து எடுத்துவிட்டோம். மலை போன பிறகும் அருவி பிடிமானம் எதுவும் இல்லாமல் ஆகாயத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. நவீன் மவுசிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தான். இரண்டு பேருக்கும் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

அம்மாவுக்கு அதிர்ச்சி வேறு விதமாக வந்தது. எங்கள் தெருவில் "நல்ல தண்ணி" என்கிற குடிநீர் எப்போது வரும், எப்போது நிற்கும் என்பது யாருக்கும் தெரியாது. வருமென்று பேச்சுக் கிளம்பினாலே அம்மா கல்யாணம், காதுகுத்து எதற்கும் போகமாட்டார். வீட்டில் இருக்கிற குடம், அண்டா, போசி எல்லாவற்றையும் குழாயடியில் வரிசை வைத்துக் காவல் இருப்பார். அப்படி ஒருநாள் நிறைத்து வைத்துவிட்டு, ஈரக் கையோடு அறைக்குள் எட்டிப் பார்த்தவர் கண்ணில் எங்கள் கிணறு பட்டது. அந்த ஆட்டத்தில் சின்னதாய் ஒரு சதுரக் குழி வெட்டி, எதிரெதிர் மூலையில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினால் போதும். அதன் பிறகு எத்தனை வாளி மொண்டாலும் குழி நிறைந்தே இருக்கும்.

"கொறையவே கொறையாதா?" என்றார் அம்மா.

"கொறையாதுங்க சித்தி. எந்நேரமும் ரொம்பியே இருக்குமுங்க" என்று நவீன் மொண்டு மொண்டு காட்டினான்.

அம்மா சிரிக்கவில்லை. இன்னொரு தரம் மொள்ளச் சொன்னார், இன்னொரு தரம். பிறகு, "என்னைய அந்த ஊருல கட்டிக் குடுத்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார்.

இதைக் கேட்டுத்தான் அப்பா பட்டறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கிணற்றிலிருந்தும் போர்வெல்லிலிருந்தும் தண்ணீரை மேலே கொண்டுவரும் மோட்டார்களைச் சரிசெய்வது அவருடைய பிழைப்பு. ஆதலால் குறையாத கிணறு என்றதும் அவருக்குச் சும்மா இருக்க முடியவில்லை. "குளத்துக் கரைய ஓரெடத்துல வெட்டி உடு கண்ணு, எறங்குதான்னு பாக்கலாம்" என்றார். வெட்டினேன். குளத்திலிருந்து தண்ணீர் வாய்க்கால் வழியே கொஞ்ச தூரம் ஓடி, வழக்கம்போல நின்றது. குளம் ஒரு விரல்கடைகூட இறங்கவில்லை. இன்னும் ஆழமாய், இன்னும் அகலமாய் வெட்டச் சொன்னார். அப்போதும் குளம் அப்படியேதான் கிடந்தது. அப்பா குனிந்து, திரையில் குளத்தின் விளிம்பை விரலால் அளந்து பார்த்தார்.

"தண்ணின்னா மட்டம் பாக்கோணும் சாமி. இது பாக்க மாட்டீங்குதே" என்றார். பிறகு அம்மா பக்கம் திரும்பி, "அந்த ஊருக்குப் போனமுன்னா நாம பட்டறையச் சாத்திப்போட்டு ஊட்டுல உக்கார வேண்டியதுதான்" என்றார்.

குளத்து அடியில் வீடு கட்ட ஆசைப்பட்டது நான்தான். அடியில் இறங்கி ஒரு கட்டியை எடுத்தால் அந்த இடத்தைத் தண்ணீர் நிறைத்துவிடும். மூச்சு முட்டிச் சாவோம். மறுபடி கரையிலிருந்து பிறந்து வருவோம். மணலைக் கொட்டிக் குளத்தின் ஒரு மூலையைத் தூர்த்து, சுற்றிலும் கண்ணாடிச் சுவர் எழுப்பி, கூரையும் போட்டு, உள்ளே கிடந்த மணலை அள்ளி வெளியேற்றுவதற்குள் தீபாவளியே வந்து போய்விட்டது. கடைசியாக வாசலுக்கு ஒரு மரக்கதவு வைத்தோம். அன்று நவீன் தெரியாமல் அந்தக் கதவைத் திறந்துவிட்டான். எல்லாம் போயிற்று என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் உள்ளே ஈரமில்லை. திறந்து கிடந்த கதவுக்கு அந்தப் பக்கம் குளம் முழுவதும் நீலச் சுவராக எழுந்து நிற்கிறது. இந்தப் பக்கம் தரை காய்ந்து கிடக்கிறது. வாசற்படி தாண்டி உள்ளே வரக்கூடாது என்று அதற்கு யாரோ சொல்லி வைத்ததைப் போல இருந்தது. அன்றிலிருந்து நாங்கள் அந்தக் கதவைச் சாத்தவே இல்லை.

அந்த ஆண்டு ஐப்பசி மழை கார்த்திகையிலும் விடாமல் பிடித்துக்கொண்டது. பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்த ஒரு பகலில் குளம் நிரம்பி, தெருவில் தண்ணீர் ஓட ஆரம்பித்தது. அப்பா சிமெண்டுச் சாக்குகளில் மணலை நிரப்பி வாசலில் அடுக்க, அம்மா இடுக்குகளில் களிமண்ணை அப்பினார். தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றபோதும் வீட்டுக்குள் ஒரு துளி இல்லை. நானும் நவீனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வாசலைக் காத்துவிட்டால் வீட்டைக் காத்துவிடலாம் என்பது எங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த சங்கதி. அப்பாவும், "இனி வராது, போய் வெளையாடுங்க" என்று சொல்லிவிட்டார். கரண்ட் இருந்தது. கட்டிலில் ஏறி உட்கார்ந்து ஆட்டத்தைத் திறந்தோம்.

கொஞ்ச நேரத்தில் அம்மாவின் குரல் கேட்டது. "ஏனுங்க, பாத்ரூமுல என்னமோ கொடகொடங்குது."

அப்பா ஓடினார். தண்ணீர் தெருச் சாக்கடைக்குப் போவதற்காகத் தரையில் வைத்திருந்த ஓட்டையிலிருந்து கறுப்பாய்க் குமிழி விட்டுக்கொண்டு தண்ணீர் உள்ளே ஏறிக்கொண்டிருந்தது. அதன்மேல் ஒரு சாக்கைத் தூக்கிப் போட்டார். உடனே சமையலறையில் பாத்திரம் கழுவும் குழி பொங்கியது. அதை அடைப்பதற்குள் கக்கூஸ் பொங்கியது. வாசல் சாக்குகள் அத்தனையும் வைத்த இடத்தில் அசையாமல் நிற்க, வீடு தரைக்குக் கீழேயிருந்து நிரம்பிக்கொண்டிருந்தது. தண்ணீர் இறங்கும், பரவும், நிற்கும். ஏறி வரும் என்று நான் எங்கும் கண்டதில்லை.

அப்பா பட்டறைக்கு ஓடி மெயின் சுவிட்சை அணைத்தார். விளக்கும் மின்விசிறியும் நின்றன. கம்ப்யூட்டர் மட்டும் நிற்கவில்லை. கரண்ட் போனாலும் அதை ஓட்டும் பேட்டரிப் பெட்டியான யூபிஎஸ் தரையில், கட்டிலுக்கும் முக்காலிக்கும் நடுவே, கீச் கீச் என்று கத்திக்கொண்டிருந்தது. அறைக்கதவின் அடியிலிருந்து தண்ணீர் நுழைந்தது. நவீன் அந்தப் பெட்டியைத் தூக்கிவிடலாமென்று ஒரு காலைக் கீழே இறக்கினான்.

"காலை வெக்காத."

அறை வாசலிலிருந்து வந்தது அப்பாவின் குரல். அவர் எங்களை அதட்டி நான் அதுவரை கேட்டதே இல்லை. நவீனின் கால் அந்தரத்தில் நின்றது. "மேல எடு. கட்டலை உட்டு ரெண்டு பேரும் எறங்கப்படாது. பொட்டிக்குள்ள கரண்ட் இருக்குது" என்றார். அவரும் உள்ளே வரவில்லை. வாசலுக்கு அப்பால், பட்டறையிலிருந்து இழுத்துவந்த காய்ந்த மரப் பெஞ்சின் மேல் ஏறி நின்றுகொண்டார். தண்ணீர் பெட்டியை நெருங்குவதை மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். திரையில் எங்கள் கண்ணாடி வீடு வெளிச்சமாக இருந்தது. அதன் கதவு திறந்து கிடந்தது. அந்தக் குளம் படி தாண்டாமல் நின்றுகொண்டிருந்தது. கட்டிலைச் சுற்றி நிஜத் தண்ணீர் விரல் விரலாக ஏறியது. கீச்சென்ற சத்தம் நீண்டு ஒரே ஊளையாகி, டப்பென்று வெடித்து அடங்கியது. திரை இருண்டது. நவீன் என் கையை இறுகப் பிடித்திருந்தான்.

அதற்குப் பிறகும் அப்பா உடனே எங்களை இறங்க விடவில்லை. பெஞ்சைக் கட்டிலோடு சேர்த்துத் தள்ளி, கால் நனையாமல் அதன்மேல் நடந்து வரச் சொல்லி, ஒவ்வொருவராகத் தூக்கிக்கொண்டு பட்டறையை ஒட்டியிருந்த மாடிப்படியில் விட்டார். அம்மா எங்களுக்கு முன்பே அங்கே நின்றிருந்தார், இடுப்பில் ஒரு குடம் நல்ல தண்ணீரோடு. எங்களைக் கண்டதும் குடத்தை வைத்துவிட்டு நவீனின் அந்தக் காலைப் பிடித்துப் பார்த்தார்; அப்புறம்தான் அழுதார்.

படியில் நின்று பார்த்தபோது வாசலில் மணல் சாக்குகள் கட்டுக்குலையாமல் இருந்தன. அவற்றுக்கு வெளியே தெருத் தண்ணீர், உள்ளே வீட்டுத் தண்ணீர். இரண்டும் ஒரே உயரத்தில் நின்றன. அப்பா தனக்குத்தானே பேசுவதுபோல, "மட்டம் பாத்திருச்சு" என்றார்.

காய்ந்த பிறகும் கம்ப்யூட்டர் உயிர் பெறவில்லை. ஒரு சொட்டு ஒழுகாத எங்கள் குளத்து வீடும் அதற்குள்ளேயே போயிற்று. தண்ணீர் இறைப்பதற்காகவே செய்யப்பட்ட மோட்டார்கள் பட்டறை முழுக்கச் சேறு குடித்துக் கிடந்தன; அப்பா ஒவ்வொன்றாகப் பிரித்து வெயிலில் வைத்தார். நவீன் பிறகு வேறு ஆட்டங்கள் ஆடினான், இந்த ஆட்டத்தின் பேச்சை எடுத்தால் மட்டும் எழுந்து போய்விடுவான்.

நாங்கள் அந்த வீட்டைவிட்டு வந்து வெகுநாளாகிறது. போன மாதம், வீடு வாங்குகிற யோசனையில் அப்பாவோடு அந்தப் பக்கம் போயிருந்தேன். பட்டறையும் மாடிப்படியும் அந்த வரிசை வீடுகளும் இல்லை. அங்கிருந்து குளத்துப் பக்கம்வரை வளைத்து ஐந்து மாடிக் கட்டடம் எழுந்திருக்கிறது; கார் நிறுத்த நிலத்துக்குக் கீழே இரண்டு தளம். சுற்றிக் காட்டிய இளைஞர் மிகவும் மரியாதையானவர். சரிவுப் பாதையின் வாயில் இருந்த இரும்புக் கதவைத் தட்டிக் காட்டி, "மழை வந்தா இதைப் போட்டுருவமுங்க சார். சொட்டுத் தண்ணி உள்ள வராதுங்க" என்றார்.

அப்பா கதவைத் தடவிப் பார்த்து, "நல்ல கனமான கதவுங்க" என்றார். பிறகு கேட்டார்: "ஊட்டுக் கழிவுத் தண்ணியெல்லாம் எந்தப் பக்கமுங்க போகுது?"

"அதைத் தூக்கி உடறதுக்கு மோட்டார் இருக்குதுங்க."

"மோட்டாரு எங்கீங்க வெச்சிருக்கறீங்க?"

"கீழதானுங்க. ரெண்டாவது பேஸ்மென்டுல."

அப்பா என் பக்கம் திரும்பி, "தண்ணி ஏறுனா மொதல்ல முழுகறது அதுதான்" என்றார். எங்கள் தெருவுக்கும் குளத்துக்கும் நடுவே, மிஞ்சிய தண்ணீர் வந்து நிற்பதற்கென்றே கோரைப்புல் முளைத்துக் கிடந்த ஒரு பள்ளம் உண்டு. அது எந்தப் பக்கம் இருந்தது என்று நான் சுற்றிலும் தேடினேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது, நாங்கள் நின்றுகொண்டிருந்ததே அதன்மேல்தான் என்று.