சம்பந்தம் கதைக்கேக்க கட்டான கோல்

இண்டைக்குக் காலமை சம்பந்தம் கதைக்கிறதுக்காகத் தண்ணித் தாங்கிக்கு மேல ஏறினனான்!

(றோட்டால போன சனம் நான் தாங்கி கழுவுறன் எண்டு நினைச்சிருக்கும்.)

விசயம் என்னெண்டால், என்ர மூத்தவனுக்கு ஓமந்தையில ஒரு பொம்பிளை பொருந்தி வந்திருக்கு. நல்ல குடும்பம். பொம்பிளையின்ர தாய் ஒரு ரீச்சர். முடிவு சொல்ல முதல் மாப்பிளையின்ர தகப்பனோட கதைக்கோணும் எண்டு அவா என்ர நம்பருக்கு எடுத்தா.

துணுக்காயில இருந்து வவுனியா வரைக்கும் என்னைப்போலக் கதைக்கிற ஆள் இல்லை எண்டது உங்கள் எல்லாருக்கும் தெரியும். பத்து நிமிசத்தில முடிச்சிருப்பன்!

ரீச்சர் கேட்டா, “அண்ணை, வெளிப்படையாக் கேக்கிறன், குறை நினைக்காதேங்கோ. தம்பி குடிக்கிறவரோ?”

நான் வாயைத் திறக்க... டொக்! கோல் கட்!

திருப்பி நான் எடுத்தன். “ரீச்சர், அது வந்து...” டொக்!

பேந்து அவா எடுத்தா. “ஹலோ அண்ணை, தம்பி குடிக்கிற...” டொக்!

(குடிக்கிறவரோ எண்டு கேக்கிற நேரமெல்லாம் போன் கட்டானால் பொம்பிளை வீட்டார் என்ன நினைப்பினம்? நீங்களே யோசியுங்கோ!)

கொஞ்ச நேரத்தில கலியாணத் தரகர் என்ர மனுசியின்ர போனுக்கு எடுத்தார்.

“அண்ணை ஏன் போனைக் கட் பண்ணுறார்? பின்னேரத்துக்குள்ள ஒழுங்கான மறுமொழி இல்லையெண்டால் அவையள் வேற இடம் பாக்கப்போகினமாம்.”

மூண்டு வருசமா அலைஞ்சு பொருந்தின இடம்.

மனுசி போனை நீட்டினா. “இஞ்சருங்கோ, எனக்கும் உங்கட போன் கொம்பனிதான். சிக்னல் நாலு கோடு வடிவா நிக்குது. இதில எடுத்துக் கதையுங்கோவன்.”

“மாப்பிளையின்ர தகப்பன் மனுசியின்ர போனில கதைச்சால் அவையள் என்னப்பா நினைப்பினம்?”

“இப்ப மட்டும் நல்லாவோ நினைக்கினம்?” எண்டுபோட்டு அவா குசினிக்குள்ள போட்டா.

ஆனால் நான் லேசுப்பட்ட ஆளில்லை. எங்கட ஊரிலயே முதல் முதல் கைப்போன் வாங்கினவன். (செங்கல் மாதிரி இருக்கும். அதால ஒருக்கால் பாம்பும் அடிச்சனான்.)

ஓஃப் பண்ணி ஓன் பண்ணினன். பிளைட் மோட்டில போட்டெடுத்தன். சிம்மைக் கழட்டிச் சாரத்தால துடைச்சன். ஒண்டுக்கும் அசையேல்லை.

அப்பதான் தாங்கிக்கு மேல ஏறினனான். முப்பது அடி உயரம்! (மனுசி பன்னிரண்டு எண்டுறா. அவா கீழ நிண்டு பாத்தவா.)

மேல நிண்டு “ஹலோ ரீச்சர்!” எண்டன். மற்றப் பக்கத்தில இருந்து “ஹ...” மட்டும் வந்துது.

போன் கொம்பனிக்கு எடுத்தன்.

“ஐயா, உங்கட பிரச்சினையைச் சொல்லுங்கோ.”

“பிள்ளை, கோல் கட்...” டொக்!

(இதைவிட என்ன விளக்கம் குடுக்கிறது?)

மோட்டச்சைக்கிளை எடுத்துக்கொண்டு மல்லாவிக்குப் பறந்தன். அங்க ஒரு தங்கச்சி போன் கடை வைச்சிருக்கிறா. கெட்டிக்காரி.

“தங்கச்சி, ஒண்டில் சிம் பழுது, இல்லாட்டி டவர் பழுது. கெதியாப் பாரம்மா, மகன்ர கலியாணம் குழம்பப்போகுது!”

அவா போனின்ர கவரைக் கழட்டினா. உள்ளுக்கிருந்து பளபளவெண்டு ஒரு செப்புத் தகடு மேசையில விழுந்துது.

“அண்ணை, இதென்ன?”

“அதம்மா, கலியாணம் கூடிவாறதுக்குக் கோயில் ஐயர் மந்திரிச்சுத் தந்த தகடு.”

“இதைச் சாமி அறையில எல்லோ வைக்கிறது?”

“சாமி அறைக்கு ஆரம்மா கோல் எடுக்கிறது? சம்பந்தம் போனுக்கால எல்லோ வருது! அதுதான் போனுக்குள்ளயே வைச்சனான்.”

கடையில நிண்ட சனமெல்லாம் விழுந்து விழுந்து சிரிக்குது.

“செப்பு சிக்னலை மறைக்கும் அண்ணை. அதுதான் உங்களுக்குக் கோல் நிக்கேல்லை.”

“அப்ப தகடு வேலை செய்யேல்லையோ?”

“நல்லா வேலை செய்யுது! ஒருத்தரையும் உள்ள விடாமல் காவல் நிக்குது!”

தகடு இல்லாமல் போனைக் கையில தந்தா. ஒரு கோடு... ரெண்டு... மூண்டு... நாலு!

அந்த நேரம் பாத்து ரீச்சரின்ர கோல்! எடுக்கிற அவசரத்தில விரல் ஸ்பீக்கரில தட்டுப்பட்டிட்டுது. கடை முழுக்கக் கேக்குது.

“அண்ணை, தம்பி குடிக்கிறவரோ?”

கட்டாகும் எண்டு ஒரு செக்கன் பாத்தன்.

கட்டாகேல்லை!

‘என்ர மகன் சோடாவே குடிக்க மாட்டான் ரீச்சர்’ எண்டுதான் ஆயத்தமா வைச்சிருந்தனான். ஆனால் அவாவின்ர குரலில பிள்ளையைக் குடுக்கிற தாயின்ர பயம் இருந்துது. எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள் எல்லோ. (கடையில நிண்ட ரெண்டு பேர் என்ர மகனின்ர கூட்டாளியள் எண்டதையும் சொல்லத்தான் வேணும்.)

“ரீச்சர், உள்ளதைச் சொல்லுறன். சிநேகிதரின்ர கலியாண வீடுகளில ஒரு பியர் குடிப்பான். அடுத்தநாள் தாயின்ர முகத்தில முழிக்க வெக்கப்பட்டு மத்தியானம் மட்டும் படுத்திருப்பான். அவ்வளவுதான்.”

ஒரு சத்தமும் இல்லை. கட்டாயிட்டுதோ எண்டு பாத்தன். நாலு கோடும் நிக்குது!

“உங்கட மனுசியும் இதைத்தான் சொன்னவா, அண்ணை.”

“அவா எப்ப கதைச்சவா?”

“அரை மணித்தியாலத்துக்கு முதல் எடுத்தவா. எங்களுக்கு நல்ல விருப்பம். நீங்களும் அதையே சொல்லுறியளோ எண்டு பாக்கத்தான் எடுத்தனான்.”

கடையில நிண்டவை எல்லாரும் கை தட்டிச்சினம்! நான் எல்லாருக்கும் குளிர்சோடா வாங்கிக் குடுத்தன்.

வீட்டை வந்து மனுசியைக் கேட்டன், “கதைச்சு முடிச்சனெண்டு எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமெல்லோ?”

அவா தேங்காய் துருவினபடியே சொன்னா, “சொல்லத்தான் மூண்டு தரம் எடுத்தனான். உங்கட போன் கட்டாகுது!”

சரி, நல்ல காரியம் ஒப்பேறியிட்டுது. வாழ்த்துச் சொல்லப்போற எல்லாருக்கும் இப்பவே நன்றி. இனி கலியாணக் கார்ட் அடிக்கோணும்.

தொடர்புக்கு என்ர நம்பரைத்தான் போடோணும் எண்டு நான் நிக்கிறன். தன்ர நம்பரைத்தான் எண்டு மனுசி நிக்கிறா.

நீங்களே சொல்லுங்கோ, ஆற்ற நம்பரைப் போடுவம்?

(யோசிச்சு எழுதுங்கோ. அவாவும் இதைப் படிப்பா!)