விழாவுக்கு ஆகாத கப்பு

ஸ்ரீமுஷ்ணம் கல்வெட்டைப் பார்க்கப் போகிற வழியில், விருத்தாசலம் பீங்கான் பட்டறை ஒன்றில் எனக்கு டீ தருகிறார்கள். கப்பில் என் கல்லூரித் தோழன் சிரிக்கிறான். இந்த வட்டார வரலாற்றுக்கு நாங்கள் இருவருமே பேராசிரியர்கள். பாராட்டு விழா மட்டும் அவனுக்கு.

"நம்மூரு சரித்திரத்த எழுதுனவருங்க. விழாவுல குடுக்க நாங்கதான் கப்பு செஞ்சோம்" என்கிறார் பட்டறைக்கார அம்மா. "இதுல படம் ஒட்டுறப்ப இழுத்துக்கிச்சு. அதான் டீ குடிக்க வெச்சிருக்கோம்."

உண்மைதான். வாய் கோணி, ஒரு கண் காதோரம் போயிருக்கிறது. டீ ரொம்ப நன்றாக இருக்கிறது. அந்தக் கப்பையே விலைக்குக் கேட்கிறேன்.

"ஐயோ, மூஞ்சி சரியில்லீங்க. நல்லதா எடுத்துத் தரேன்."

"வேணாங்க. நான் நேர்ல பாத்திருக்கேன். அச்சு அசலா இப்படித்தான் இருப்பான்."