கத்திச் சொல்லு, பாப்பா

அறுபதுகளின் தொடக்கம். நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்களுக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. நான் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு மைன்ஸில் ஷிப்ட் வேலை. நைட் ஷிப்ட் வாரம் வந்தால் பகலெல்லாம் உள் அறையில் தூங்குவார். அந்த வாரம் எங்கள் வீட்டில் யாருக்கும் குரல் கிடையாது. தண்ணீர் விழும் சத்தம்கூடக் கேட்கக் கூடாதென்று அம்மா பக்கெட்டுக்குள் ஒரு பழைய துணியைப் போட்டுவைப்பாள். நானும் தம்பியும் சைகையில்தான் சண்டை போடுவோம்.

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. "தூக்கம் கெட்டு, அங்க மிஷின்கிட்ட கண்ணு அசந்துட்டா நம்ம கதி இன்னாடி?" என்பாள். அவளுக்கு இருந்த ஒரே பயம் அதுதான்.

அப்படியொரு வாரத்தில் எனக்கு இடது காதில் வலி வந்தது. அம்மா நல்லெண்ணெயைச் சூடு பண்ணி இரண்டு சொட்டு விட்டாள். "அப்பா எழுந்ததும் சொல்லிக்கலாம், சத்தம் போடாத" என்றாள். அப்பா எழுந்தார், சாப்பிட்டார், சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வேலைக்குப் போகிறவர் மனதைக் கலைக்க வேண்டாமென்று நினைத்து அம்மா என் காதுவலியைச் சொல்லவில்லை. அம்மா சொல்லாததால் நானும் சொல்லவில்லை. இப்படியே இரண்டு நாள் போயிற்று.

மூன்றாம் நாள் மத்தியானம் தண்ணீர் குடிக்க எழுந்த அப்பா, பின்பக்கப் படியில் என்னைப் பார்த்தார். பாவாடை நுனியை வாயில் அடைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தேன். காதிலிருந்து சீழும் ரத்தமும் தோள்வரை வழிந்திருந்தன. கட்டியிருந்த கைலியோடு என்னை சைக்கிளில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்கு மிதித்தார். காதுச் சவ்வு கிழிந்துவிட்டது, இனி அந்தக் காது சரியாகக் கேட்காது என்றார் டாக்டர்.

திரும்பும்போது அப்பா வழியில் சைக்கிளை நிறுத்தினார்.

"ஏன் பாப்பா என்ன எழுப்பல?"

"நீங்க தூங்கிகினு இருந்தீங்கப்பா."

அவர் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி அழுதார். அப்பா அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

காது ஆறியதும் ஒரு வேடிக்கை செய்தார். பாயைக் கொண்டுவந்து கூடத்தின் நடுவில் போட்டுப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். "இப்ப உனக்கு வயிறு வலிக்குது. வந்து எழுப்பு" என்றார். நான் பக்கத்தில் போய் மெதுவாக, "அப்பா, வலிக்குது" என்றேன்.

"காதுல உழல. கத்திச் சொல்லு, பாப்பா."

நான்கைந்து தடவைக்குப் பிறகு நான் போட்ட கத்தலில் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அம்மா கரண்டியோடு ஓடிவந்துவிட்டார். அப்பா எழுந்து உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தார். அதற்குப் பிறகு அவர் உள் அறையில் தூங்கவே இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன், சென்னையில் மகன் வீட்டில் ஒரு நாள் காலை பதினோரு மணி இருக்கும். நெஞ்சில் பாறையை வைத்த மாதிரி இருந்தது, கை மரத்தது. மருமகள் கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டரில் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தாள். முடியட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அடுத்த நிமிடமே கதவைத் தட்டி, "வலிக்குதும்மா!" என்று கத்திவிட்டேன். அவள் பதறி ஓடிவந்தாள். "நல்ல வேளை, உடனே வந்தீங்க" என்றார் டாக்டர். அடைப்பை எடுத்துவிட்டார்கள். இன்று நன்றாக இருக்கிறேன்.

அம்மாவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. வயிற்றுக்குள் கட்டியை வைத்துக்கொண்டே எங்கள் எல்லாருக்கும் சமைத்துப் போட்டாள். கேட்டால், "ஒண்ணுமில்ல, வாயுதான்" என்பாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது காலம் கடந்துவிட்டது. ஐம்பத்திரண்டு வயதில் போய்விட்டாள். அவள் பிறந்த வீட்டில் அவளை யாரும் கத்தச் சொல்லியிருக்க மாட்டார்கள். எங்கள் வீட்டிலும் யாருக்கும் அது தோன்றவில்லை.

அதனால்தான், முகம் வாடியிருக்கும் ஒரு பெண் "ஒண்ணுமில்ல" என்று சொன்னால் நான் அதோடு விடுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு முறை கேட்கிறேன்.