செங்கோடன் விட்டுக்கொடுத்த இடம்

யுத்த காலத்தில் ஓர் ஆனி மாதம். சேலத்திலிருந்து காலை ஆறரைக்குக் கிளம்ப வேண்டிய பஸ் ஏழேகாலுக்குத்தான் கிளம்பியது. பெட்ரோல் கிடைக்காததால் பின்னால் கரி அடுப்பு பொருத்தி ஓட்டிய வண்டி அது. சங்ககிரிக்கு இருபத்திரண்டு மைல், எட்டணா. அங்கிருந்து பள்ளிபாளையத்துக்குப் பதினான்கு மைல், ஐந்தணா.

பம்பாயில் ஒரு வர்த்தகக் கல்லூரியிலிருந்து வந்த கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது. வேறு பாடத்தில் பி.ஏ. முடித்தவர்களுக்கு அங்கே வெகு சில இடங்களே உண்டு. முதலில் தேர்வானவர் விலகிக்கொண்டதால் அந்த இடம் எனக்கு என்று எழுதியிருந்தார்கள். விலகியவன் செங்கோடன். திருச்சியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து என்னோடு தத்துவம் படித்தவன். உடம்பு சரியில்லை என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தேன்.

ஒன்பதே முக்காலுக்குச் சங்ககிரி. கோட்டை மலை வெயிலில் வெளுத்துக் கிடந்தது. டிரைவர் இறங்கி இரும்புக் கம்பியால் கரியைக் கிளறினார். புகையில் கண்ணைச் சுருக்கியபடி, எங்கே போகிறேன் என்று விசாரித்தார். சிநேகிதனிடம் விடைபெறப் போகிறேன், பிறகு பம்பாயில் படிப்பு என்றேன்.

“ஏனுங்க, பி.ஏ.ன்னா படிச்சு முடிச்சாச்சுன்னுதானுங்க அர்த்தம்? மறுக்காவும் படிக்கோணுமுங்களா?”

“அந்தப் படிப்புக்கு வேலை கிடைக்கலைங்க.”

அவர் கம்பியை வைத்துவிட்டு வண்டியை எடுத்தார். வழியெங்கும் மழை காணாத சோளக்காடு முழங்கால் உயரத்தோடு நின்றுபோயிருந்தது.

பள்ளிபாளையம் போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டு. ஆற்றில் ஓரமாகக் கொஞ்சம் தண்ணீர், மற்றதெல்லாம் மணல். அங்கிருந்து இரண்டு மைல் நடந்தேன். செங்கோடனின் தகப்பனார் வாசலிலேயே எதிர்கொண்டார்.

“வாங்க சாமி. ஊட்டுல இல்லீங்க அவன். காத்தாட இருக்கட்டும்னு தோட்டத்துச் சாளையில படுக்க வெச்சிருக்கறோம்.”

தென்னைகளுக்கு நடுவே ஓலை வேய்ந்த சிறு குடிசை. கட்டிலுக்கு அருகே அவனுக்கென்று தனியாக ஒரு தட்டு, ஒரு லோட்டா, துப்புவதற்குச் சாம்பல் நிரப்பிய ஒரு சட்டி. அதைப் பார்த்ததும் க்ஷயம் என்று தெரிந்துவிட்டது. பாதியாகிப் போயிருந்தான்.

“அங்கியே நில்லு சவரி. கிட்ட வராதே,” என்றான். “கடுதாசி வந்துதா?”

“வந்துது. நான் போகலடா.”

“நீயும் போகலீன்னா எவனோ போவான். எனக்கு என்ன லாபம்?” இருமி முடித்துவிட்டு வாசலைப் பார்த்தான். தகப்பனார் தூரத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். “எடம் வேண்டாம்னு எழுதிப்போட்டது அய்யனுக்குத் தெரியாது. சொல்லிப்போடாதே. நான் பம்பாய் போவேன்னு நெனச்சுட்டுத்தான் அவர் ரெண்டு வாய் சோறு திங்கறாரு.”

சரியென்று தலையசைத்தேன். லோட்டாவிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் பேசினான்.

“கரும்பு எங்குளுது, ஆட்டி வெல்லமாக் காச்சறது நாங்க. ஆனா வெலையச் சொல்றவன் எங்கியோ உக்காந்திருக்கறான். அவன் எப்படிச் சொல்றான்னு தெரிஞ்சுக்கத்தான் அந்தப் படிப்புக்கு எழுதிப்போட்டேன். அதை மட்டும் கேட்டு எனக்கு எழுது.”

எழுதுகிறேன் என்றேன். கை கொடுக்கக்கூட அவன் விடவில்லை.

மாலை நாலு மணி பஸ்ஸுக்கு அவன் தகப்பனார் கூடவே நடந்து வந்தார். பாதி வழியில் கேட்டார்: “தை மாசத்துக்குள்ள தேறீருவானுங்க. அதுவரைக்கும் அவன் எடத்தை வெச்சிருப்பாங்களா சாமி?”

அவர் முகத்தைப் பார்க்காமல், “வெச்சிருப்பாங்க ஐயா,” என்றேன்.

“நீங்களும் அங்கதானுங்களே படிக்கப் போறீங்க, சொல்லி வெய்யுங்க.”

பஸ் நகர்ந்த பிறகும் புகைக்குள் அவர் துண்டு கொஞ்ச தூரம் தெரிந்தது.

அடுத்த வாரம் ரயிலேறினேன். பம்பாயில் விளைபொருள் சந்தைகளைப் பற்றிய பாடம் ஆவணியில்தான் வந்தது. ஜன்னலுக்கு வெளியே மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. வகுப்பு முடிந்ததும் பேராசிரியரை நிறுத்தி வெல்லத்தைப் பற்றிக் கேட்டேன். அவர் சொன்னதையெல்லாம் ஆறு பக்கத்துக்கு எழுதிப் பள்ளிபாளையத்துக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை.

ஐப்பசிக் கடைசியில் அவன் தகப்பனார் யாரையோ கொண்டு எழுதிய கார்டு வந்தது. செங்கோடன் தவறி இருபது நாளாயிற்று. என் கடிதத்தை அவன் இரண்டு தரம் படித்தானாம். கடைசி வரியில், பையனுக்காக வைத்திருக்கும் இடத்தை இனி யாராவது ஏழைப் பிள்ளைக்குக் கொடுத்துவிடும்படி கல்லூரியில் சொல்லச் சொல்லியிருந்தார்.

அன்றே, சொல்லிவிட்டேன் என்று பதில் எழுதிப் போட்டேன்.