கல்லுத்திட்டில் மூன்று பகல்

வெள்ளிக்கிழமை காலை 5.50. காரிமங்கலத்தில் தருமபுரி வண்டி ஏறினேன். இருபது ரூபாய் டிக்கெட். பையில் இரண்டு வேட்டி, ஒரு டார்ச், குடை, ரொட்டிப் பொட்டலம். பூட்டிய கடையை ஜன்னல் வழியாக ஒருமுறை பார்த்துக்கொண்டேன். மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை அது. மாடியில்தான் வீடு. ஐம்பத்து மூன்று வயதாகிறது, திருமணம் செய்துகொள்ளவில்லை. மூன்று நாள் சேர்ந்தாற்போல் கடையைப் பூட்டியது இதுவே முதல் தடவை.

காரணம் மாதையன் என்கிற விவசாயி. நாகமரைக்காரர். எங்கள் ஊரில் சம்பந்தி வீட்டுக்கு வந்தவர், கையோடு பழுதான பம்ப்செட் மோட்டாரையும் கொண்டுவந்திருந்தார். மேட்டூர் அணையின் பின்தண்ணீரில் கோடைக்கு மேலெழும் ஒரு திட்டை ஒரு சின்ன அறக்கட்டளை பாதுகாப்பதாகவும், இரவுக் காவல் தம்முடையது என்றும் பேச்சுவாக்கில் சொன்னார். மகள் கல்யாணத்துக்காக மூன்று நாள் போக முடியாது. “எனக்குப் பதிலா ஒரு ஆள் கெடைக்கலீங்க.” நான் வரட்டுமா என்று கேட்டது என் வாய்தான். கேட்ட பிறகு எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

தருமபுரியில் பென்னாகரம் வண்டி மாறினேன். பென்னாகரத்தில் டீ குடித்துவிட்டு ஏரியூர் வழியாக நாகமரை போகும் டவுன் பஸ். வழியெல்லாம் உழுது போட்ட சிவப்பு மண். மழைக்குக் காத்திருந்த நிலக்கடலைக் காடுகள். கண்டக்டர் குடையைப் பார்த்துவிட்டு, “நாகமரைல ஏதாச்சும் விசேசங்களா?” என்றார். பறவைக்குக் காவல் என்றேன். சில்லறையை என் கையில் வைத்துவிட்டு முன்னால் போய்விட்டார்.

காலை 10.20. கரையில் பரிசல்காரர் முனியப்பன் காத்திருந்தார். திட்டுக்கு இருபது நிமிடத் துழாவல். “மாதையனுக்குப் பதிலா வந்தவருங்களா? நீச்சல் தெரியுங்களா?” தெரியாது என்றேன். “அப்ப நடுவுல உக்காருங்க” என்றதோடு சரி.

தூரத்தில் கல்லுத்திட்டு ஒரு சாம்பல் கோடாகத்தான் தெரிந்தது. கிட்டப் போனால் கூழாங்கல்லும் மணலும் கலந்த மேடு. ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு முந்நூறு எட்டு. மரமில்லை. நீலத் தார்ப்பாய்க் கொட்டகை ஒன்று. கரையோரமாக மூட்டை மூட்டையாய் அறுந்த நைலான் வலையும் உடைந்த பாட்டிலும் கட்டி வைத்திருந்தார்கள். தலைக்கு மேலே மஞ்சள் அலகும் கருப்புத் தொப்பியுமாக ஆலாப் பறவைகள் கூச்சலிட்டன.

மாதம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். மீன் விற்பவர். காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை காவல் அவர் பொறுப்பு. அறக்கட்டளையில் எத்தனை பேர் என்று கேட்டேன்.

“பதிவு பண்ணப்ப பதினோரு பேருங்க. திருப்பூருக்கு, பெங்களூருக்குன்னு பொழப்பு பாக்கப் போயிட்டாங்க. இப்ப நானும் மாதையண்ணனுந்தான்.”

வேலையை அவரே விளக்கினார். தண்ணீர் மிகவும் இறங்கினால் திட்டு கரையோடு ஒட்டிவிடும். நாய்களும் ஆடுகளும் நடந்தே வந்து முட்டையைத் தின்னும், மிதிக்கும். தண்ணீர் ஏறினால் முட்டை மூழ்கும். இரண்டுக்கும் நடுவே இருக்கிற சில வாரங்கள்தான் இது தீவு. அந்த வாரங்களில்தான் ஆலா முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்க வேண்டும்.

“இதுக்குன்னு எதுக்குங்க இவ்வளவு பாடு?” என்றேன்.

“இது எங்க காடு சார். தாத்தாவோட அப்பா கம்பு வெதச்ச எடம். அண கட்டுனப்ப முங்கிப்போச்சு. வருசத்துல ரெண்டு மாசம் வெளிய வருது. வெளிய இருக்கற வரைக்கும் அது மேல யாரு குடியிருந்தாலும் நாந்தான பாக்கணும்?”

மாலை ஆறு மணிக்கு அவர் முனியப்பனோடு கரைக்குப் போனார். பரிசல் புள்ளியாகி மறைந்ததும் திட்டில் நான் மட்டும். மாதம்மாள் பிளாஸ்கில் விட்டுப்போன டீயில் ரொட்டியை நனைத்துத் தின்றேன். தனியாகச் சாப்பிடுவது எனக்குப் புதிதல்ல. ஆனால் வீட்டில் கீழே தெரு இருக்கும், எதிரே பஞ்சர் கடை ரேடியோ பாடும். இங்கே சுற்றிலும் தண்ணீர். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஒரு ஆள் இல்லை என்பதை மறக்க வழியே இல்லை.

சனிக்கிழமை காலை 6.00. பரிசல் கரையைத் தொடும் முன்பே மாதம்மாள் குரல் கொடுத்தார். “ஒகேனக்கல்ல தண்ணி செகப்பா வருதாம், போன் பண்ணாங்க. மேல மழ. ஏறப்போகுது.”

எட்டு மணிக்குத் தெரிந்துவிட்டது. கரையோரம் நட்டு வைத்திருந்த அளவுக்குச்சியில் ஒரு விரல் ஏறியிருந்தது. தாழ்வாக இருந்தவை நான்கு கூடுகள். கூடு என்றால் மணலில் ஒரு குழி, அதில் கூழாங்கல் நிறத்தில் மூன்று முட்டை. அவ்வளவுதான். முட்டையை இடம் மாற்ற வனத்துறை கொடுத்த அனுமதிக் கடிதம் பிளாஸ்டிக் உறையில் அவர் இடுப்பில் இருந்தது.

கொத்தனார் பாண்டுச் சட்டியில் மணலோடு முட்டையை அள்ளி, இரண்டடி மேலே தள்ளி வைக்க வேண்டும். தாய் வந்து உட்காரும்வரை விலகி நிற்க வேண்டும். உட்கார்ந்த பிறகுதான் அடுத்த இரண்டடி. “ரெண்டடிக்கு மேல ஒரு அடிகூட வேணாம் சார்” என்று விரலைக் காட்டிச் சொல்லிவிட்டு, மேற்கே இருந்த இரண்டு கூடுகளுக்குப் போனார். கிழக்கே இருந்த இரண்டும் எனக்கு.

முதல் கூட்டை ஒழுங்காக நகர்த்தினேன். பறவை வந்து உட்கார அரை மணி நேரம் ஆனது. அதற்குள் இரண்டாவது கூட்டின் விளிம்பைத் தண்ணீர் நக்கத் தொடங்கிவிட்டது. பதற்றமாகிவிட்டது. இரண்டு இரண்டு அடியாக எப்போது முடிப்பது? முட்டைகளை இன்னொரு சட்டியில் அள்ளி, அப்படியே தூக்கிப் பத்து எட்டு நடந்து, மேட்டின் உச்சியில் வைத்தேன். நல்ல காரியம் செய்த நிம்மதிகூட வந்தது.

அந்த ஆலா திரும்பி வந்து பழைய இடத்துக்கு மேலே வட்டமடித்தது. அங்கே இப்போது கணுக்காலளவு தண்ணீர். இறங்கும், தண்ணீரைத் தொட்டுவிட்டு எழும், கத்தும். உச்சிப் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை.

மாதம்மாள் வந்து பார்த்தார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

“அது முட்டயத் தேடல சார். எடத்தத் தேடுது.”

பழைய இடத்திலேயே கல் அடுக்கினோம். தண்ணீருக்குள் குனிந்து, கையால் தடவிக் கல் எடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாக முழங்கால் உயரத்துக்கு ஒரு மேடை. நீச்சல் தெரியாதவன் என்பது அப்போது நினைவுக்கு வரவே இல்லை. அதன்மேல் சட்டியை அசையாமல் பொருத்தும்போது மணி 11.30. உச்சி வெயில் நெருங்கிக்கொண்டிருந்தது. முட்டைகள் மூடாமல் கிடந்து இரண்டு மணி நேரத்துக்கு மேலாகியிருந்தது. குடையை விரித்து அவற்றுக்கு நிழல் பிடித்தபடி நின்றேன்.

“நகருங்க சார்.”

“வெயில் சுடுதே?”

“நீங்க நின்னா அது வராது. நெழலும் அதுதான் தரணும். நகருங்க.”

குடையை மடக்கிக்கொண்டு விலகிய அந்த இருபது எட்டு எனக்குப் பெரும்பாடாக இருந்தது. கொட்டகையில் இருவரும் மேடையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். அவர் கொண்டுவந்திருந்த களியும் மீன் குழம்பும் ஆறிக் கிடந்தன. 12.50க்கு ஆலா தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு எழுந்தது. மேடையை மூன்று முறை சுற்றியது. நான்காம் சுற்றில் இறங்கி, ஈர வயிற்றை முட்டைமேல் வைத்து உட்கார்ந்தது.

மாதம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “சாப்டுங்க” என்றார்.

அன்று மாலை தண்ணீர் ஏறுவது நின்றது. மேடைக்கும் தண்ணீருக்கும் நடுவே நான்கு விரல் மிச்சம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாலை 4.00. மாதையன் திரும்பிவிட்டார், கல்யாணச் சாப்பாட்டில் எனக்கு ஒரு பங்கோடு. மேடையை அவருக்குக் காட்டி, நடந்ததை நானே சொன்னேன். “எனக்கும் மொத வருசம் இப்படி ஆச்சுங்க” என்றார். ஆறுதலுக்குச் சொன்னாரா, உண்மையா, தெரியவில்லை. பரிசல் நகர்ந்தபோது மாதம்மாள் எங்கள் பக்கம் பார்க்கவில்லை. கிழக்கே ஒரு நாய் நீந்தி வருவதைக் கண்டு கையில் கல்லோடு ஓடிக்கொண்டிருந்தார்.

காரிமங்கலம் வந்துசேர இரவு ஒன்பது. கதவைத் திறந்ததும் அடைத்த வீட்டு வாசனை. மூன்று நாளில் வீட்டில் எதுவும் மாறவில்லை. யாரும் வந்து கேட்டதாகவும் தெரியவில்லை. திட்டில் நான் ஒரு தப்பு செய்தால் பறவைக்குத் தெரிந்தது, இன்னொரு மனுஷிக்குத் தெரிந்தது. இங்கே நான் சரியாக நடந்துகொண்டாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த நினைப்போடு படுத்தேன்.

ஆறு வாரம் கழித்து, எங்கள் ஊர்ச் சந்தையில் தக்காளி வாங்கிக்கொண்டிருந்தபோது மாதம்மாளிடமிருந்து போன் வந்தது.

“தண்ணி வந்துருச்சு சார். திட்டு முங்கிருச்சு. குஞ்சுங்க எல்லாம் பறந்துருச்சுங்க.”

“நான் மாத்துன அந்தக் கூடு?”

“அது பொரிக்கலீங்க. வெயில்ல போயிருச்சு. தாய்தான் ரொம்ப நாளு எந்திரிக்காம உக்காந்திருந்துச்சு.”

போனைக் காதிலேயே வைத்தபடி பக்கத்தில் கூவிக்கொண்டிருந்த வெங்காய வண்டியைத் தாண்டி நடந்தேன். அவரும் போனை வைக்கவில்லை.

“இப்ப எங்க இருக்கீங்க?” என்றேன்.

“வூட்லதாங்க. இனி அடுத்த கோடைக்குத்தான் அங்க வேல. காலைல அஞ்சு மணிக்கே முழிப்பு வந்துருது, எந்திரிச்சுப் போறதுக்கு எடமில்ல. குஞ்சு பறந்தத யாருகிட்டயாவது சொல்லணும்னு இருந்துச்சு. இங்க கேக்கறதுக்கு ஆளில்லீங்க. அதான்.”

சந்தை இரைச்சல் கேட்காத இடமாகப் பார்த்து, ஒரு பூட்டிய கடைப் படியில் உட்கார்ந்தேன்.

“எத்தன பறந்துச்சு, எப்படிப் பறந்துச்சு?” என்றேன். “மொதல்ல இருந்து சொல்லுங்க.”