மச்சாளின் தேக்குத் துண்டு

அம்மா முதலில் மச்சாளுக்குத்தான் தலை இழுப்பார். என் முறை அதற்குப் பிறகு. அவள் மாமாவின் மகள்; அவர்கள் வீடு எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம். விடிந்ததும் சீப்பும் ரிபனுமாக அவள் எங்கள் குசினி வாசலில் வந்து நிற்பாள். அவளுக்கு ஆறுதலாக எண்ணெய் வைத்து, நோகாமல் சிக்கெடுத்துப் பின்னிவிடுவார் அம்மா. என்னிடம் வரும்போது பள்ளிக்கூட மணி அடிக்கும் நேரமாகிவிடும். அந்த அவசரப் பின்னல் இரண்டாம் பாடத்திலேயே அவிழ்ந்துவிடும். மீன் குழம்பில் பெரிய துண்டும் அவளுக்குத்தான். முறையிட்டால், "அவளுக்கு ஆர் இருக்கினம்? நீ பேசாமல் சாப்பிடு" என்பார்.

மாமி போரில் இறந்துபோனவர் என்பது எனக்குத் தெரியும். நாங்கள் முதலே இடம்பெயர்ந்து போய்விட்டோம். ஒரு கிழமை கழித்து மாமாவும் மச்சாளும் வந்து சேர்ந்தார்கள், மாமி வரவில்லை. எல்லாம் தெரிந்தும் எனக்கு வயிறு எரிந்தது. பதினொரு வயதில், தாய் இல்லாமலே என் தாயை முழுதாக எடுத்துக்கொண்டவளாகத்தான் அவளைப் பார்த்தேன்.

அப்படி இருக்கும்போதுதான் ரீச்சர் ஒரு போட்டியைச் சொன்னார். 'எமது ஊரின் வரலாறும் காலநிலையும்.' வகுப்பில் சிறந்ததைச் செய்தவர் பள்ளிக்கூட அதிபரின் வான் வண்டியில் முல்லைத்தீவுக்குப் போய் வலயப் போட்டியில் நிற்கலாம். அந்த வானில் நான்தான் ஏறவேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். நான் ஏறினால் அம்மா அன்றைக்காவது எனக்கு முதலில் தலை இழுப்பார் என்பது என் கணக்கு.

ஊருக்கு வரலாறு என்று பெரிதாக என்ன இருக்கிறது? ஒரு சந்தி, ஒரு சங்கக்கடை, நாற்பது வீடு. ஒரு காலத்தில் பாலை மரமும் முதிரை மரமும் லொறி லொறியாக ஏறிப்போன இடமாம். மரம் அறுக்கும் மரக்காலைகள் இரவு பகலாக இரைந்தனவாம். முகாமிலிருந்து நாங்கள் திரும்பி வந்தபோது ஒரு மரக்காலையின் தூண்கள் மட்டும் நின்றன. காலநிலை அதைவிடச் சுருக்கம்: மாரியில் முழங்கால் சேறு, சோளகக் காற்றில் வாய் நிறையப் புழுதி. நான் பிரிஸ்டல் போட் மட்டையில், "எமது ஊரில் முன்னர் மரக்காலைகள் இருந்தன. இப்போது இல்லை. மாரியில் மழை பெய்யும். கோடையில் பெய்யாது" என்று எழுதி, ஒரு லொறிப் படம் கீறி, அதைச் சுற்றிப் பூவும் கீறினேன்.

மச்சாள் ஒரு தேக்குத் துண்டைக் கொண்டுவந்தாள். சாப்பாட்டுத் தட்டளவு வட்டம், நாலு விரல் தடிப்பு. மாமா பழைய மரக்காலையில் வாள் பிடித்தவர். ஊருக்குத் திரும்பியதும் தன் வளவுத் தேக்கைத் தறித்து, அறுக்க வவுனியாவுக்கு ஏற்றிப்போனார். "வன்னி மரம் வேண்டாம், உள்ளுக்கு ஷெல் பீஸ் இருக்கும், வாள் பல்லுப் போயிடும்" என்று அங்கே மரக்காலைக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார்கள். போர் முடிந்த பிறகும் எங்கள் ஊரில் மரக்காலை மீண்டும் எழும்பாததற்கு அதுவும் ஒரு காரணம். மாமா கைவாளால் அறுத்த துண்டுதான் அது.

மச்சாள் அதிலே விரல் வைத்துச் சொன்னாள்: "கொழுத்த வளையம் நல்ல மாரி பெய்த வருசம், ரீச்சர். மெலிஞ்சது மழை பொய்ச்ச வருசம்." பட்டையை அண்டிய ஓரிடத்தில் மரம் மை ஊறினதுபோல் கறுத்திருந்தது. அங்கே விரல் வந்ததும், "இது அந்த வருசம்" என்றாள். வகுப்பில் ஒருவரும் எந்த வருசம் என்று கேட்கவில்லை. ரீச்சர் கண்ணைத் துடைத்தார். நடிக்கிறாள் கள்ளி, என்று நினைத்தேன்.

அவளைத்தான் தெரிவு செய்தார்கள். அன்று பின்னேரம் மச்சாள் தண்ணீர் அள்ளப் போன நேரம், மாமா வீட்டுச் சாமிப் படத்தடியில் இருந்த துண்டை எடுத்துவந்து, எங்கள் விறகு மால் கொட்டிலுக்குள் மரப்பட்டை கட்டிவைத்த உரப்பைக்குள் அடியில் செருகினேன். போட்டி முடியுமட்டும் ஒளித்துவைப்பதுதான் திட்டம்.

மறுநாள் விடிய அம்மா நெல் அவித்தார். நான் நெல் காயப்போடப் பாய் விரித்துக்கொண்டு நின்றேன். அவர் அந்த உரப்பையைத் தூக்கிவந்து அப்படியே அடுப்புக்குள் கவிழ்த்தார். "அம்மா" என்று ஒரு சொல் போதும், இழுத்து எடுத்திருக்கலாம். நான் சொல்லவில்லை. தேக்கு நன்றாக எரியும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் நாள் முழுவதும் தேடினார்கள். நானும் போய்த் தேடினேன்.

அடுத்த நாள் பானை மினுக்கச் சாம்பல் அள்ளிய அம்மாவின் கையில் பெருவிரல் அளவு இரும்பு ஒன்று வந்தது, விளிம்பெல்லாம் கிழிந்தபடி. எங்கள் பக்கத்தில் அது என்னவென்று குழந்தைக்கும் தெரியும். அம்மா விறகு மாலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மாமாவைக் கூப்பிட்டு, "நான்தான் பாராமல் அடுப்புக்குள்ள போட்டிட்டன், அண்ணை" என்றார்.

மாமா அந்த இரும்பை உள்ளங்கையில் வைத்துத் தூசி ஊதினார். "விடு தங்கச்சி, மரம்தானே" என்றார். ஆனால் அதை எறியவில்லை. சேட்டுப் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டு போனார்.

ஷெல் விழுந்த நேரம் மாமி உடுப்பு மூட்டை கட்டிக்கொண்டு நின்றது கிணற்றடியில், அந்தத் தேக்கின் கீழே என்பதை நான் பெரியவளான பிறகுதான் யாரோ சொன்னார்கள். அந்த ஷெல்லில் மரத்துக்குள் போனது ஒரு துண்டு.

துண்டு இல்லாத மச்சாளுக்குப் பதிலாக, வகுப்பில் அடுத்ததாக வந்த என்னை அனுப்பினார்கள். போகும் காலை அவள் வழமைபோல் சீப்போடு வந்து நின்றாள். அம்மா, "பொறு பிள்ளை" என்று அவளிடம் சொல்லிவிட்டு என்னை முதலில் இருத்தினார். நான் ஏறிட்டு மச்சாளைப் பார்த்தேன். வென்றுவிட்டேன். அவள் தன் கையிலிருந்த புது ரிபனை, "இதைக் கட்டிவிடுங்கோ மாமி" என்று அம்மாவிடம் நீட்டினாள்.

அம்மா இழுத்து இழுத்துப் பின்னினார். முல்லைத்தீவு போய்த் திரும்பும்வரை தலை விண் விண் என்று வலித்தது. தூரப் பயணம், அவிழக்கூடாது என்றுதான் அவ்வளவு இறுக்கினார் என்று நினைத்துக்கொண்டேன்.