மணல் ஒட்டாத குண்டு

அரபுக் கரையின் சூர் துறைமுகத்தில் மர்ஹூன் எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் கோப்பைக் காப்பி அவனுக்குத்தான். ஆளில்லாத் தீவில் பதினாறு பேருக்குத் தண்ணீர் கண்டுபிடித்துக் கொடுத்தவன் என்று பெயர். கோப்பையை வாங்கும்போது அவன் தலை தானாகக் குனியும். எவ்வளவு அடக்கமான மனுஷன் என்று ஊர் மெச்சும். ஊருக்கு என்ன தெரியும்!

நகூதா ஸுவைலிம் தலைமையேற்று ஓட்டிய பாய்க்கப்பலில் ஆழம் பார்ப்பது மர்ஹூனின் வேலை. ஈயக்குண்டைக் கயிற்றில் கட்டி எறிந்து, இரு கை விரித்த நீளம் ஒரு பாகம் என்ற கணக்கில், ஆழம் எத்தனை பாகம் என்று கத்த வேண்டும். குண்டின் அடிக்குழியில் ஆட்டுக்கொழுப்பு அப்பியிருக்கும். கடலடி மணல் அதில் ஒட்டிக்கொண்டு வரும்.

ஸான்ஸிபாரிலிருந்து திரும்பும்போது, ஒரு நண்பகலில், கரைப்புழுதி கடலை மூடிவிட்டது. முன்னால் ஒன்றும் தெரியவில்லை. மர்ஹூன் இரண்டு முறை எறிந்தான். இரண்டு முறையும் பன்னிரண்டு பாகம். பழைய கொழுப்பை வழித்துவிட்டுப் புதிதாக அப்பிய நேரம் பார்த்து, சமையல்காரர் சுறாமீன் சோற்றைத் தட்டில் கொட்டினார். ஒரே தட்டில் எட்டுக் கைகள். பிந்தினால் முள்தான் மிஞ்சும். மர்ஹூன் குண்டை எறியாமல் கீழே வைத்தான். "பன்னிரண்டு பாகம்" என்று கத்திவிட்டுச் சோற்றில் கை வைத்தான்.

மூன்றாவது கவளத்தில் கப்பல் பாறையில் ஏறியது.

அவர்கள் கரையேறிய தீவில் ஒரு மரம் கிடையாது. பறவை முட்டையும் ஆமைக்கறியுமாகப் பதினொரு வாரம். பாறையிடுக்கில் தேங்கிய மழைநீரை மர்ஹூன்தான் தேடிப் பிடித்தான். தூங்க முடியாதவன் தேடாமல் என்ன செய்வான்? ஆறாவது வாரம் சமையல்காரர் காய்ச்சலில் செத்தார். அவரை அடக்கம் செய்த கையோடு நகூதா ஒவ்வொருவரிடமாகப் போய், கப்பலைப் பாறையில் ஏற்றியது தன் குற்றம் என்று மன்னிப்புக் கேட்டார். மர்ஹூனிடமும் வந்தார். அவன் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் முகத்தையே பார்த்தார்.

"மன்னிச்சுட்டேன் நகூதா" என்றான் மர்ஹூன். நாக்கு கூசவில்லை அப்போது. கூசியதெல்லாம் பிறகுதான், வாழ்நாள் முழுவதும்.

ஆமை பிடிக்க வந்த மஹ்ரா இனத்துப் படகுக்காரர்கள் அவர்களை மீட்டார்கள். ஊரில் ஸுவைலிமுக்கு மறுபடி யாரும் கப்பல் கொடுக்கவில்லை. கடலைக் கரைத்துக் குடித்த மனிதர் கடற்கரையில் கருவாடு காயவைத்துப் பிழைத்தார். மர்ஹூன் ஒன்பது வருஷம் அந்தப் பக்கமே போகாமல் சுற்றிப்போனான்.

ஒரு காலையில் போய் நின்றான். சொல்லிவிட்டான்.

"தெரியும்" என்றார் கிழவர், மீனைத் திருப்பிப் போட்டபடியே. "கப்பல் மோதினதும் முன்னாடி ஓடி வந்தேன்ல, அப்ப குண்டு கால்ல தட்டுச்சு. கொழுப்பு வெள்ளை வெளேர்னு இருந்துச்சு. ஒரு மணல் ஒட்டல."

மர்ஹூன் அவர் எதிரே மணலில் உட்கார்ந்தான். "அப்புறம் ஏன் என்கிட்டப் போய் மன்னிப்புக் கேட்டீங்க?"

"உன் பேரைச் சொல்லியிருந்தா உன்னை உசுரோட விட்டிருக்க மாட்டாங்க. அதான் பழியை நான் ஏத்துக்கிட்டேன். உன்கிட்ட மட்டும், நீயா வாயைத் திறப்பேன்னு வந்து நின்னேன்." கிழவர் அடுத்த மீனை எடுத்தார். "நீ என்னடான்னா, என்னை மன்னிச்சுட்ட."